நிறைகுடத்திலிருந்து தொடங்குங்கள்: அரச இலச்சினையைச் சுவரில் வரையும் முறை

இலங்கையின் அரச இலச்சினையைக் கையால் வரையத் தெரிந்தவர்கள் எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அருகி வருகிறார்கள். பிளெக்ஸ் பதாகை வந்த பின்பு பெயர்ப்பலகை எழுதும் தொழிலே சுருங்கிவிட்டது. ஆனாலும் பாடசாலை மண்டபத்தின் மேடைச் சுவர், பிரதேச செயலகத்தின் முகப்பு, கிராமிய வைத்தியசாலையின் வாசல் என்று சில இடங்களுக்கு இன்னும் தூரிகைதான் வேண்டியிருக்கிறது. பிளெக்ஸ் இரண்டு வெயிலில் வெளுத்துப்போகும். ஒழுங்காகப் பூசிய எனாமல் பெயின்ட் வருடக்கணக்கில் நிற்கும். களுவாஞ்சிகுடியில் இருந்துகொண்டு வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரை, மேற்கே உள்ள படுவான்கரை, கல்முனை, அக்கரைப்பற்று என்று இந்த வேலைக்குப் போய்வருகிறேன். இதைக் கற்க விரும்பும் தம்பி தங்கைமாருக்காகவும், பாடசாலைச் சித்திர ஆசிரியர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இது அரசின் இலச்சினை. கடைப் பலகையிலோ, தனியார் வகுப்பின் விளம்பரத்திலோ, திருமண அழைப்பிதழிலோ போடுவதற்கு உரியதல்ல. யாராவது அப்படிக் கேட்டால் மறுத்துவிடுங்கள். அரச நிறுவனம் என்றால் அதிபரிடமோ செயலாளரிடமோ எழுத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். மிதிபடும் தரையில் ஒருபோதும் வரையாதீர்கள்.

வரைய முன் பார்க்க வேண்டியவை

தூரிகையைத் தொடுவதற்கு முன் இலச்சினையில் என்னென்ன இருக்கின்றன என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நடுவில் கருஞ்சிவப்பு வட்டத்தில் வாளேந்திய பொன்னிறச் சிங்கம். அதைச் சுற்றி நீல அல்லியின் இதழ்களால் ஆன வளையம். கீழே தானியம் நிறைந்த கலசம். அதன் வாயிலிருந்து நெற்கதிர்கள் இரு பக்கமும் எழுந்து வளையத்தை அணைத்தபடி மேலே போகின்றன. கலசத்தின் இரு மருங்கிலும் சூரியனும் சந்திரனும். உச்சியில் தர்மச் சக்கரம்.

இந்த வடிவம் 1972 இல் நாடு குடியரசானபோது வந்தது. இலச்சினையையும் கொடியையும் வடிவமைக்கும் குழுவுக்குத் தலைமை வகித்தவர் நிசங்க விஜேரத்ன. கருத்தைத் தந்தவர் மாபலகம விபுலசார தேரர். வரைந்தவர் எஸ். எம். செனவிரத்ன. ஒரு நாட்டின் ஒவ்வொரு காசிலும் கடவுச்சீட்டிலும் தன் கோடுகளைப் பதித்துவிட்டுப் போன அந்த ஓவியரை, இந்த வேலையைத் தொடங்கும்போதெல்லாம் நான் மரியாதையுடன் நினைத்துக்கொள்வேன். நீங்களும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல மூலப்படம் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கைப்பேசியில் தேடினால் பத்து விதமான படங்கள் வரும். ஒன்றில் கதிர் தடித்திருக்கும், இன்னொன்றில் சக்கரம் மாறியிருக்கும். அவற்றை நம்ப வேண்டாம். அரசாங்க அச்சகம் வெளியிடும் வர்த்தமானியின் முதற்பக்கத் தலைப்பில் கோட்டோவியமாக இருக்கிறது. வேலை தருகிற அலுவலகத்திடமே ஒரு தெளிவான வண்ணப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு பத்து ரூபாய் நாணயமும் எப்போதும் என் பெட்டியில் இருக்கும். நாணயத்தில் இலச்சினை புடைத்து நிற்பதால் எது முன்னே, எது பின்னே என்பது விரலுக்கே தெரியும். கடதாசியில் அது தெரியாது.

சுவரும் காற்றும்

எங்கள் ஊர்ச் சுவரை அறியாமல் எந்த ஓவியமும் நிலைக்காது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்றும் மழையும். அந்தக் காலத்தில் சுவர் உள்ளுக்குள் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். பெப்ரவரி 4 சுதந்திர தினத்துக்காக ஜனவரியில் அவசர அவசரமாக வேலை தருவார்கள். மேலே காய்ந்தது போலத் தெரியும் சுவர் பங்குனி வெயிலில் பெயின்டைக் கொப்புளமாகத் தள்ளிவிடும். அதிபர்மாரிடம் நான் வேண்டிக் கேட்பது, முடிந்தால் ஓகஸ்ட் விடுமுறையில் இந்த வேலையைத் தாருங்கள் என்பதுதான்.

ஈரம் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு சாண் அளவுள்ள பொலித்தீன் தாளை நான்கு ஓரமும் அடைத்துச் சுவரில் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளின் உட்புறம் வேர்த்திருந்தால் அந்தச் சுவர் இன்னும் தயாரில்லை. புதிதாகப் பூசிய சீமெந்துச் சுவர் என்றால் நான்கு வாரமாவது காய வேண்டும். இல்லாவிட்டால் சீமெந்தின் காரம் எனாமலைத் தின்றுவிடும்.

ஓகஸ்டிலும் ஒரு தொல்லை இருக்கிறது. கச்சான் காற்று. ஆனி, ஆடி, ஆவணியில் மேற்கிலிருந்து வீசும் அந்தச் சூட்டுக் காற்று மத்தியானத்தில் புழுதியை அள்ளிக்கொண்டு வரும். ஈர எனாமலில் ஒட்டிய புழுதியை எடுக்க முடியாது. வெளிச்சுவர் வேலை என்றால் காலை ஆறு மணிக்குத் தொடங்கி பத்து மணியுடன் நிறுத்திவிடுங்கள். அந்தக் கச்சான் காலத்தில் காலைக் காற்று அமைதியாக இருக்கும்.

சுண்ணாம்பு உதிரும் சுவரைச் சுரண்டி, ஓட்டைகளை ஃபில்லரால் அடைத்து, சான்ட் பேப்பரால் தேய்த்து, ஒரு பூச்சு பிரைமர் அடித்துவிட்டால் சுவர் வேலை முடிந்தது.

அளவைப் பெருப்பித்தல்

மூலப்படம் 20 சென்ரிமீற்றர் உயரம், சுவரில் 120 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மடங்கு. மூலப்படத்தில் 2 சென்ரிமீற்றர் சதுரங்களாகக் கட்டம் போடுங்கள். சுவரில் 12 சென்ரிமீற்றர் சதுரங்களாகப் போடுங்கள். முதற்கோடு நடுச் செங்குத்துக் கோடு. அதைக் கண்ணால் தீர்மானிக்கக் கூடாது. மேசன்மார் வைத்திருக்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, வெண்கட்டித் தூள் பூசிய நூலை அதே கோட்டில் இழுத்துச் சுண்டுங்கள். சக்கரத்தின் மையம், சிங்க வட்டத்தின் மையம், கலசத்தின் மையம் மூன்றும் அந்த ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இதில் அரை விரல் பிசகினாலும் முழுவதும் சாய்ந்தது போலத் தெரியும், எங்கே பிழை என்று யாராலும் சொல்ல முடியாது.

வட்டங்களுக்கு நூல் கட்டிய ஆணியைப் பயன்படுத்தாதீர்கள். நூல் இழுபடும். ஒரு மெல்லிய பலகைச் சட்டத்தில் ஒரு முனையில் ஆணி, தேவையான தூரங்களில் பென்சில் நுழையும் துளைகள். அதுவே உங்கள் கவராயம். உள்வட்டம், இதழ் அடிவட்டம், இதழ் நுனிவட்டம் மூன்றையும் ஒரே மையத்திலிருந்து போட்டுவிடலாம்.

இதழ்களை எண்ணுவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். மூலப்படத்தில் விரல் வைத்து எண்ணுங்கள். வேறொருவரையும் எண்ணச் சொல்லுங்கள். 360 பாகையை அந்த எண்ணால் வகுத்தால் ஓர் இதழின் நடுக்கோட்டிலிருந்து அடுத்ததன் நடுக்கோடு வரையுள்ள கோணம் கிடைக்கும். எல்லா நடுக்கோடுகளையும் பாகைமானியால் குறித்த பின்பே முதல் இதழைத் தொடுங்கள். ஒவ்வொன்றாக வரைந்துகொண்டு போனால் கடைசி இதழுக்கு இடம் பாதியாகிவிடும்.

இந்த இதழ்கள் தூய்மையைக் குறிக்கின்றன. நீல அல்லி தேசிய மலராக அறிவிக்கப்பட்டது 1986 இல். இன்றைய இலச்சினையில் அது அதற்கு முன்பே, 1972 இலேயே இடம்பிடித்துவிட்டது. பூவின் நிறம் நீலமென்றாலும் இலச்சினையில் இதழ்கள் பொன்னிறம். மாணவர்கள் நீலத்தைத் தொட்டுவிடுவார்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கலசமும் கதிரும்

இனித்தான் என் முறை மற்றவர்களின் முறையிலிருந்து பிரிகிறது. பெரும்பாலானோர் சிங்கத்தில் தொடங்குவார்கள். கண் அங்கேதான் முதலில் போகும், ஆசையும் அங்கேதான் இருக்கும். சிங்கத்தை அழகாக முடித்துவிட்டு, கீழே கலசத்துக்கு இடம் போதாமல் அதைச் சப்பையாக்கி, கதிரை ஏதோ புல் மாதிரி இழுத்துவிடுவார்கள். நான் கலசத்தில் தொடங்குகிறேன். இலச்சினையின் முழுப் பாரமும் அதன் மேல்தான் நிற்கிறது. கலசம் உறுதியாக அமர்ந்தால் மேலே உள்ள அனைத்தும் தானாக நிமிரும்.

நிறைகுடம் வரைய எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கல்யாண வீட்டு வாசலில் பார்த்திருக்கிறார்கள். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கில் கும்பம் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கண்ணோடு வரையச் சொல்லுங்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்கள் நிறைகுடத்தில் மாவிலையும் தேங்காயும் இருக்கும். இலச்சினையின் கலசத்தில் அவை இல்லை. தானியக் கலசம் அது, செழிப்பின் அடையாளம். வாயிலிருந்து எழுவது நெல் மட்டுமே. பழக்கத்தில் மாவிலை வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கலசத்தின் ஒரு பாதியை மட்டும் வரைந்து, ட்ரேசிங் தாளை நடுக்கோட்டில் மடித்து மறுபாதியை எடுங்கள். இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இருக்க வேறு வழி இல்லை.

இப்போது கதிர். இந்த இலச்சினையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. எங்கள் மக்களின் கை தினமும் தொடும் பொருள் இதில் வேறெதுவும் இல்லை. அப்படியிருந்தும் எங்கள் சுவர்களிலேயே கோதுமைக் கதிரை வரைந்து வைத்திருக்கிறார்கள். கணினியில் கிடைக்கும் அலங்காரப் படங்கள் அநேகமாகக் கோதுமைதான். கோதுமைக் கதிர் விறைப்பாக நிமிர்ந்து நிற்கும், மணிகள் பின்னல் போல ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருக்கும், நுனியில் நீண்ட மீசை இருக்கும். நெற்கதிர் அப்படியல்ல. நடுக்காம்பிலிருந்து சின்னச் சின்னக் கிளைகள் பிரியும். ஒவ்வொரு கிளையிலும் மணிகள் சிறு காம்போடு, மாறி மாறி, சற்று விலகி நிற்கும். முற்ற முற்ற நுனி வளைந்து தாழும்.

ஆகவே வேலை நாளில் ஒரு கதிரைப் பறித்துக்கொண்டு வாருங்கள். பெரும்போக வேளாண்மை விளைந்திருக்கும் மாசி மாதத்தில் படுவான்கரையில் எந்த வட்டையில், அதாவது வயல்வெளியில், கேட்டாலும் வயற்சொந்தக்காரரான போடியார் மனமுவந்து தருவார். ஒரு மணியைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். உமியின் மேல் நீளவாக்கில் வரிகள் ஓடும். ஒரு பக்கம் கொஞ்சம் புடைத்திருக்கும், மறுபக்கம் நேராக இருக்கும். அடியில் இரண்டு சிறிய செதில்கள் மணியைப் பிடித்திருக்கும். சுவரில் அந்த வரிகளை எல்லாம் வரைய மாட்டோம். ஆனால் பார்த்த கைக்கும் பார்க்காத கைக்கும் வித்தியாசம் உண்டு. ஒரு புறம் புடைத்து மறுபுறம் நேரான அந்த வடிவம் தூரிகையில் வந்துவிட்டாலே அது நெல் என்று தூரத்திலிருந்து தெரியும்.

ஒரு மணி, ஒரே அழுத்தம். 6 ஆம் இலக்க உருண்டைத் தூரிகையில் பெயின்டை அளவாக எடுத்து, நுனியால் தொட்டு, அழுத்தி, சற்றே திருப்பித் தூக்குங்கள். அழுத்திய இடம் மணியின் வயிறு, தூக்கிய இடம் மணியின் மூக்கு. திரும்பத் திருத்தப் போனால் உயிர் போய்விடும். பழைய கடதாசியில் கை பழகும் வரை போட்டுப் பாருங்கள். முதலில் காவி கலந்த கடும் மஞ்சளில் எல்லா மணிகளையும் போடுங்கள். காய்ந்த பின் அதே மணிகளின் மேல்பாதியில் மட்டும் வெளிர் மஞ்சள். வெளிச்சம் மேலே இடப்பக்கத்திலிருந்து வருவதாக ஒரு முடிவு எடுத்துக்கொண்டு கடைசி மணி வரை அதை மாற்றாதீர்கள்.

மணி போடும் வேலைக்கு நான் எப்போதும் மாணவர்களையும் சேர்த்துக்கொள்வேன். ஆளுக்கு ஒரு கதிர். சம்மாந்துறைப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் அப்படி மணி போட்டுக்கொண்டிருந்த ஒரு மாணவி, “மாமா, கொடியில எங்களுக்கு ஒரு பச்சைக்கோடு இருக்கு. இதில எங்களுக்கு என்ன இருக்கு?” என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற ஆசிரியர் சங்கடப்பட்டார். இப்படிக் கேட்கும் பிள்ளைக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். கொடியில் செம்மஞ்சள் கோடு தமிழரையும் பச்சைக் கோடு முஸ்லிம்களையும் குறிக்கிறது. இலச்சினையில் அப்படித் தனியாக எதுவும் இல்லை. சிங்கம் கண்டி இராச்சியத்தின் கொடியிலிருந்து வந்தது. சக்கரம் பௌத்தத்தைக் குறிக்கிறது. அதை அவளிடம் அப்படியே சொன்னேன். “உங்கள் வாப்பா என்ன செய்கிறார்?” என்று கேட்டேன். வயல் என்றாள். அவள் கையில் இருந்த தூரிகையின் நுனியில் நெல்மணி இருந்தது. மேற்கொண்டு நான் எதுவும் சொல்லவில்லை. அவள் அந்தக் கதிரை முழுவதும் போட்டு முடித்துவிட்டுத்தான் போனாள்.

சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் முஸ்லிம்கள் விதைக்கிறார்கள். போரதீவுப்பற்றிலும் வெல்லாவெளியிலும் தமிழர்கள் விதைக்கிறார்கள். கல்லோயாத் தண்ணீர் பாயும் உகணையில் சிங்களவர்கள் விதைக்கிறார்கள். கல்லோயாவை மறித்துக் கட்டிய சேனாநாயக்க சமுத்திரம் என்ற குளத்தின் மதகு திறக்காவிட்டால் பலருக்கும் சிறுபோகம் இல்லை. இலச்சினையை வரைந்தவர்கள் எங்களை நினைத்துத்தான் நெல்லை வைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கதிரை இந்த மாவட்டங்களில் வரையும்போது அது அந்நியமாக இருப்பதில்லை. இதனால்தான் கதிரில் அவசரப்படாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சூரியனும் சந்திரனும்

இவை சிறியவை. எனவே அலட்சியமாகப் போட்டுவிடுவார்கள். தமிழ்க் கல்வெட்டுகளில் ஒரு தானம் சந்திரரும் சூரியரும் உள்ளவரை நிலைக்க வேண்டும் என்று வெட்டி வைத்திருப்பதைப் பார்க்கலாம். சிங்கள அரசர்கள் கொடுத்த கற்களிலும் பட்டயங்களிலும் இதே இரண்டு சின்னங்களும் இதே பொருளில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இந்த நிலம் முழுவதற்கும் பொதுவான பழைய வழக்கு அது. நாடு நீடு நிலைக்க வேண்டும் என்பதே இங்கும் பொருள்.

எது எந்தப் பக்கம் என்பதை மூலப்படத்தில் பார்த்து, ட்ரேசிங் தாளில் அந்த இடத்திலேயே பெரிய எழுத்தில் ‘சூ’, ‘ச’ என்று எழுதிவையுங்கள். தாளின் பின்புறத்தில் கரி தடவித் தேய்த்து எடுக்கும்போது தாள் புரண்டுவிட்டால் இரண்டும் இடம் மாறிவிடும். எழுத்து கண்ணாடியில் போல இடவலம் மாறித் தெரிந்தால் தாள் புரண்டிருக்கிறது என்று உடனே தெரியும்.

சிங்கம்

சிங்கம் பார்ப்பவரின் இடப்பக்கத்தை நோக்கி நிற்கிறது. வாள் அதன் வலது முன்னங்காலில். இப்போது கொஞ்சம் யோசியுங்கள். இடப்பக்கம் பார்த்து நிற்கும் விலங்கின் எந்தப் பக்கம் நமக்குத் தெரிகிறது? அதன் இடப்பக்கம். ஆகவே வாள் பிடித்த கால் நமக்கு அப்பால் இருக்கும் கால். அது நெஞ்சுக்குப் பின்னாலிருந்து வெளியே வர வேண்டும். நமக்குக் கிட்ட இருக்கும் முன்னங்கால் தரையில் ஊன்றியிருக்கும். பல சுவர்களில் கிட்டக் காலைத் தூக்கி வாளைக் கொடுத்துவிடுகிறார்கள். அப்போது சிங்கம் வாளை இடது காலில் பிடித்ததாகிவிடும். நெஞ்சின் கோட்டை முதலில் முழுமையாக வரைந்துவிட்டு, அதன் பின்னாலிருந்து காலைத் தொடங்கினால் இந்தப் பிழை வராது.

நிஜச் சிங்கத்தின் புகைப்படத்தைப் பார்த்து வரையாதீர்கள். இது கண்டிய மரபில் வந்த சிங்கம். இடை ஒடுங்கியிருக்கும், பிடரி மயிர் சுருள் சுருளாக இருக்கும், வால் மேலே எழுந்து வளையும். கொடியில் உள்ள சிங்கத்துக்கு ஓர் ஆழமான விளக்கம் சொல்லப்படுகிறது. வாலின் எட்டு மயிர்கள் பௌத்தத்தின் எண்வகை நெறியைக் குறிக்கின்றன, வாள் நாட்டின் இறைமையைக் குறிக்கிறது. வாள் கஸ்தானே எனப்படும் பழைய இலங்கை வாள். நேரான ஆங்கில வாளைப் போட்டுவிடாமல் கைப்பிடியின் வளைவைக் கவனியுங்கள்.

இந்தச் சிங்கக் கொடியைக் கடைசியாகப் பறக்கவிட்ட அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். மதுரை நாயக்கர் வழியில் வந்தவன், இளமையில் கண்ணுசாமி என்று அழைக்கப்பட்டவன். 1815 இல் கண்டி வீழ்ந்தபோது பிரித்தானியர் கொடியை எடுத்துச் சென்றார்கள். நூறு வருடங்களுக்குப் பின் ஈ. டபிள்யூ. பெரேரா அதை இங்கிலாந்தில் தேடிக் கண்டெடுத்தார். மாணவர்களுக்கு இந்த வரலாற்றையும் சொல்லுங்கள். சுவரின் முன் நின்றுகொண்டு கேட்கும் வரலாறு பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட மனத்தில் பதியும்.

வட்டத்தின் கருஞ்சிவப்பைக் கலப்பது எளிது. நல்ல சிவப்பில் சிறிது மண்ணிறமும் ஒரு துளி கறுப்பும். கறுப்பை நேரே ஊற்றாமல் குச்சியால் தொட்டுத் தொட்டுச் சேருங்கள். காய்ந்தால் ஒரு படி கறுக்கும். சிங்கத்தின் உருவத்தைச் சுற்றித் தட்டைத் தூரிகையால் வெட்டி எடுத்து, பின் வெளியே நிரப்புங்கள்.

பொன்னிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டின்னில் வரும் தங்கப் பெயின்டில் இருப்பது பித்தளைத் தூள். கல்லடியிலோ காத்தான்குடியிலோ கடற்காற்று நேரே அடிக்கும் சுவரில் அது சில மாதங்களில் பச்சை கலந்த கறுப்பாகிவிடும். எனவே முழுவதும் மஞ்சள் எனாமலில் இரண்டு பூச்சு அடித்துவிட்டு, பிடரிச் சுருள், வாளின் ஓரம், இதழின் நுனி போன்ற ஒளி படும் இடங்களில் மட்டும் தங்கப் பெயின்டைத் தொடுங்கள். அதன் மேல் தெளிந்த வார்னிஷ் ஒரு பூச்சு. தங்கம் கறுத்தாலும் அடியில் மஞ்சள் காப்பாற்றும்.

சக்கரம், பிறகு எழுத்து

தர்மச் சக்கரம் உச்சியில் அமர்கிறது. பௌத்தத்துக்கு அரசியலமைப்பு தரும் முதன்மை இடத்தையும் நீதியான ஆட்சியையும் அது குறிக்கிறது. இங்கே வரும் பெரும் தவறு இந்தியக் கொடியின் சக்கரத்தை வரைந்துவிடுவது. 24 ஆரம் கொண்ட அந்தச் சக்கரம் வேறு. ஆரங்களை மூலப்படத்தில் எண்ணி, இதழ்களுக்குச் செய்தது போலவே கோணம் பிரித்து வரையுங்கள்.

1972 க்கு முன் அந்த உச்சியில் ஒரு கிரீடம் இருந்தது. 1954 இல் வந்த பழைய இலச்சினை அது. 1963 ஆம் ஆண்டு ‘சிலோன்’ காசு எங்காவது கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். கிரீடத்தின் கீழ், இதழ் வளையத்துக்குள் அதே சிங்கம். அடியில் ஒரு பட்டி. அந்தப் பட்டியில் நாட்டின் பெயர் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருந்தது. 1972 இல் கிரீடமும் போயிற்று, பட்டியும் போயிற்று. இன்றைய இலச்சினையில் எந்த மொழியிலும் ஓர் எழுத்துக்கூட இல்லை.

எழுத்து எழுதிப் பிழைப்பவன் நான். அந்தப் பட்டியில் தமிழ் எழுத்து இருந்தது என்பது எனக்கு மிகவும் முக்கியம். அது எடுக்கப்பட்டது எனக்கு வலிக்கிறது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் சுவரில் இலச்சினை வரையும்போது பழைய பட்டியை நானாகச் சேர்க்கக் கூடாது. அது சட்டத்துக்கும் தொழிலுக்கும் விரோதம். செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1987 இல் வந்த 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. எனவே இலச்சினையின் கீழ், அதற்கு வெளியே, ஒரு முழச் சுவரை விட்டு நிறுவனத்தின் பெயரை எழுதும்போது தமிழ் எழுத்து மற்ற எழுத்துகளை விடச் சிறியதாகவோ மெலிந்ததாகவோ ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கள எழுத்துகள் உருண்டு அகலமாக வருவதால் தமிழ் வரியை ஒடுக்கிவிடும் ஆபத்து உண்டு. முதலில் மூன்று வரிகளுக்கும் ஒரே உயரத்தில் மேற்கோடும் கீழ்க்கோடும் போடுங்கள். ‘ணை’, ‘றா’ போன்றவற்றின் கொம்புக்கும் காலுக்கும் இடம் எண்ணிப் பிரியுங்கள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இருக்கக் கூடாது. சிங்கள வரியைச் சிங்களம் தெரிந்த ஒருவரிடமும், தமிழ் வரியைப் பாடசாலைத் தமிழாசிரியரிடமும் காட்டிக் கையொப்பம் வாங்கிய பின்பே பெயின்ட் தொடுங்கள். பிழையான தமிழ்ப் பலகைகளை இந்த நாட்டில் நாங்கள் போதிய அளவு பார்த்துவிட்டோம்.

முடித்த பின்

கட்டக் கோடுகளை ஈரத்துணியால் துடைக்கலாம், ஆனால் எனாமல் இரண்டு நாள் நன்றாகக் காய்ந்த பிறகு. பத்தடி தள்ளி நின்று ஒருமுறை, வாசலுக்கு வெளியே போய் இன்னொரு முறை பாருங்கள். சிங்கம் முதலில் கண்ணில் பட்டு, பின் கண் கதிரைப் பின்தொடர்ந்து கலசத்துக்கு இறங்கினால் அளவு சரி. கதிர் தனித்துத் துருத்தினால் வெளிர் மஞ்சளைச் சற்றுக் குறையுங்கள்.

உங்கள் பெயரையோ கைப்பேசி இலக்கத்தையோ இலச்சினைக்குள்ளோ அதன் அருகிலோ எழுதாதீர்கள். சுவரின் கீழ் மூலையில் சிறிதாக எழுதினால் போதும். ட்ரேசிங் தாளைச் சுருட்டி, மேற்பக்கம் எது, முன்பக்கம் எது என்று எழுதி, பயன்படுத்திய நிறங்களின் கலவையையும் அதிலேயே குறித்து, அலுவலகத்திலோ சித்திர அறையிலோ கொடுத்துவிடுங்கள். சில வருடங்களில் யாராவது வந்து அந்தச் சுவரைத் திருத்துவார்கள். அவர்களுக்கு அது தேவைப்படும்.